சாயாத பஸ்ஸும் சாய்ந்த மலையும்

காலை பத்தே முக்கால் மணிக்கு, கேட்பதற்கு நான்கு பேரும் சாட்சி சொல்ல ஒருவரும் சேர்ந்த பிறகு, ஆயில் வையாபுரி தன் கோணிப்பையை அவிழ்த்தார். உள்ளேயிருந்து முழ நீளத்தில் இரண்டு இரும்பு சிலிண்டர்களும் கறுப்பு ரப்பர்க் குழாய்கள் இரண்டும் வெளியே வந்தன. தூங்கும் குழந்தையைத் தொட்டிலில் இறக்குவதுபோல அவற்றைத் தரையில் இறக்கிவிட்டு, துண்டால் ஒரு துடைப்புத் துடைத்தார்.

அன்று 2018 பிப்ரவரி 10, சனிக்கிழமை. நாமக்கல்லை ஒட்டிய ஒரு பஸ் பாடி கட்டும் பட்டறை. தேன்கரட்டு மலைக்கு ஓடும் பாவாயியம்மாளின் ஒரே பஸ், எஃப்.சி. என்கிற தகுதிச் சான்றுக்குக் காட்டுவதற்காக அங்கே வந்து பெயின்ட் காய்ந்துகொண்டிருந்தது. பெயின்ட் காயும்வரை பஸ் நகர முடியாது. பஸ் நகரும்வரை அதன் ஆட்களும் நகர முடியாது. எங்கேயும் எழுந்து போக முடியாத ஆட்களைத் தேடிப் பிடிப்பதில் வையாபுரி கெட்டிக்காரர்.

அவர் காலடியில் ஒரு நீண்ட வளைந்த கம்பி கிடந்தது. பஸ்ஸிலிருந்து கழற்றிப் போட்டது. பின் அச்சை ஒட்டிக் குறுக்கே கிடக்கும் இந்தக் கம்பிதான், வளைவில் வண்டி ஒரு பக்கமாகச் சரியப் பார்க்கும்போது முறுக்கிக்கொண்டு இழுத்துப் பிடிக்கும். அதைத் தாங்கும் கொக்கி ஒன்று விரிசல் விட்டிருந்தது. விரிசலை ஒட்டவைத்துக் கம்பியைத் திரும்ப மாட்டலாம். அல்லது இரண்டு கொக்கிகளையும் வெட்டி எறிந்துவிட்டு, அந்த இடத்தில் வையாபுரியின் சிலிண்டர்களை உட்கார வைக்கலாம். ஒட்டுவதா, வெட்டுவதா என்று கேட்டுக்கொண்டு வெல்டர் காஜா கேஸ் கட்டரைக் கையில் வைத்தபடி காத்திருந்தார்.

முடிவு பாவாயியம்மாளுடையது. வண்டியை ஓட்டுவது டிரைவர் அர்த்தநாரி. நாற்பது கொண்டை ஊசி வளைவிலும், ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் ஆகாயம் என்று இறங்கப் போவது அவர். அதனால் மற்றவர்கள் வையாபுரியின் வாயைப் பார்த்துக்கொண்டிருக்க, அர்த்தநாரி மட்டும் காஜாவின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சங்கதி ரொம்ப சுலபமுங்க்கா" என்று வையாபுரி பாவாயியம்மாளிடம் ஆரம்பித்தார். "சக்கரத்துக்கும் பாடிக்கும் நடுவுல, இந்தப் பக்கம் ஒண்ணு, அந்தப் பக்கம் ஒண்ணு. இதோட தலையிலிருந்து அதோட காலுக்கு ஒரு குழாய். அதோட தலையிலிருந்து இதோட காலுக்கு ஒரு குழாய். உள்ள முழுக்க எண்ணெய். வளைவுல இந்தத் தோள் அமுங்குச்சுன்னா, எண்ணெய் ஓடிப்போய் அந்தத் தோளையும் சேர்த்து அமுக்கிரும். ரெண்டு தோளும் ஒரே மட்டம். அப்புறம் வண்டி எங்கே சாயறது?"

இதுவரை அவர் சொன்னது உண்மை. விலை உயர்ந்த கார்களில் இப்படி ஒன்று இருப்பதை அர்த்தநாரியும் கேள்விப்பட்டிருந்தார். வையாபுரியின் கஷ்டமே உண்மையோடு நின்றுகொள்ளத் தெரியாததுதான்.

"மொதல்ல இதை ஒரு முட்டை வண்டிக்குத்தான் மாட்டுனேன். அட்டை கிடையாது, வைக்கோல் கிடையாது. நெல்லுக் கொட்டற மாதிரி முட்டையை அப்படியே வண்டியில கொட்டச் சொன்னேன். ஓனர் அழுதுட்டாருங்க. தேன்கரட்டு உச்சியிலிருந்து அடிவாரம் வரைக்கும் எறக்கினோம். ஒரு முட்டை கீறலை. அது பெருசில்ல. கீழே வந்து கதவைத் தொறந்தா உள்ளே கீச்சு கீச்சுன்னு சத்தம். ஆட்டம் அசைவே இல்லாததுனால, தாய்க்கோழி வயித்துக்கடியில இருக்கோம்னு நெனைச்சு பூரா முட்டையும் பொரிஞ்சிருச்சு."

கண்டக்டர் பிச்சமுத்து வாய்க்குள் இருந்த வெற்றிலையை ஒதுக்கினார். அவர் மச்சான் கோழிப்பண்ணையில் வேலை பார்க்கிறவர்.

"ஏனுங்க, நம்மூருப் பண்ணை முட்டை சேவலையே பார்க்காத முட்டைங்க. அது எப்படிப் பொரிக்கும்?"

"அதைத்தானுங்க நானும் கேட்டேன்" என்றார் வையாபுரி, ஒரு கணம்கூடத் தயங்காமல். "சேவல் இல்லாமலே பொரிஞ்சுதுன்னா, எண்ணெய் எப்படிப்பட்ட எண்ணெயா இருக்கணும்னு யோசிச்சுப் பாருங்க."

காஜா குனிந்து ஒரு சிலிண்டரைப் புரட்டிப் பார்த்தார். இரும்போடு பழகிய கண். "வையாபுரி அண்ணே, இது சலூன் நாற்காலியை ஏத்தி எறக்கற சிலிண்டர் மாதிரி இல்ல இருக்கு?"

வேறு ஒருவராக இருந்தால் அங்கேயே மூட்டையைக் கட்டியிருப்பார். வையாபுரியோ, ரொம்ப நேரமாக இந்தக் கேள்விக்குத்தான் காத்திருந்தவர்போல முகம் மலர்ந்தார்.

"பாய் கரெக்டாப் புடிச்சுட்டாரு! ஏன்னு கேளுங்க. மேல ஒரு கல்யாணம். முகூர்த்தத்துக்கு நேரமாச்சு, மாப்பிள்ளை கூட்டம் ஒருத்தரும் சவரம் பண்ணலை. நாவிதரை நாற்காலியோட பஸ்ஸுல ஏத்துனோம். வளைவுக்கு ஒரு ஆளு. விரிச்ச சவரக் கத்தி. மாப்பிள்ளைக்கு மட்டும் கடைசி வளைவு. இந்தப்பக்கம் திரும்பறப்போ ஒரு கன்னம், நிமிர்றப்போ மறு கன்னம். ஒரு சொட்டு ரத்தம் இல்ல. அந்த நாவிதரு எறங்கறப்போ, 'இனி எனக்கு எதுக்குய்யா கடை'ன்னு சொல்லி நாற்காலி சிலிண்டரைக் கழட்டி என் கையில குடுத்துட்டாரு. அதுதான் இது."

"சரி, இதுக்குள்ள என்ன எண்ணெய் ஊத்துவீங்க?" என்று பாவாயியம்மாள் கேட்டார். அவர் குரலில் கிண்டல் இல்லை என்பதை அர்த்தநாரி கவனித்தார்.

பாவாயியம்மாள் ஏமாளி அல்ல. ஆனால் அவருக்கு ஒரு காயம் இருந்தது. தை பிறந்ததும் ஈரோட்டுப் பக்கத்துக் கல்யாணக் கோஷ்டி ஒன்று அவர் பஸ்ஸில் மலை ஏறியது. ஏறியவர்களில் பாதிப்பேர் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டியபடியே வந்து சேர்ந்தார்கள். மணப்பெண்ணின் அத்தைக்கு ஜன்னல் சீட்டு கிடைக்கவில்லை. அன்றிலிருந்து அடிவாரத்தில் அவர் பஸ்ஸுக்கு 'வாந்தி வண்டி' என்று பெயர் நிலைத்துவிட்டது. எலுமிச்சம்பழம் விற்கிறவர்களே, "வாந்தி வண்டி போயிருச்சுங்களா?" என்று கேட்டு வியாபாரத்துக்கு வந்தார்கள். புருஷன் போன பிறகு ஒற்றை ஆளாக அந்த வண்டியைப் பத்து வருஷம் நடத்திக் காட்டியவருக்கு, அந்தப் பெயர் நெஞ்சில் முள்ளாகத் தைத்திருந்தது.

"எண்ணெய் எதுவானாலும் சரிங்க்கா" என்றார் வையாபுரி. "ஒரு தடவை நடு மலையில எண்ணெய் தீந்துபோச்சு. ஒரு பாட்டிம்மா தூக்குல மோரு கொண்டு வந்துச்சு. வாங்கி ஊத்துனேன். அதே மாதிரி ஓடுச்சு. கீழே வந்து சிலிண்டரைத் தொறந்தேன். உள்ளே என்ன? உருண்டையா வெண்ணெய்!"

அர்த்தநாரி நிமிர்ந்து உட்கார்ந்தார். இத்தனை நேரம் இதற்காகத்தான் காத்திருந்தார்.

"நில்லுங்க. வண்டி ஆடவே இல்லைன்னு சொல்றீங்க. ஆடாம எப்படிய்யா வெண்ணெய் திரளும்?"

பிச்சமுத்து தொடையில் தட்டிச் சிரித்தார். காஜாவும் சிரித்தார். வையாபுரி சிரிக்கவில்லை. ரொம்பப் பரிதாபமாக அர்த்தநாரியைப் பார்த்தார்.

"டிரைவரண்ணே, மேல உக்காந்தவங்களுக்கு ஆட்டம் இல்ல. அந்த ஆட்டம் எல்லாம் எங்கே போச்சு? சிலிண்டருக்குள்ள போச்சு. அத்தனை பேரோட ஆட்டத்தையும் அது ஒண்ணே வாங்கி ஆடுச்சு. வெண்ணெய் திரளாம வேற என்ன திரளும்?"

சிரிப்பு சட்டென்று நின்றது. புளுகுக்கு நடுவில் இப்படி ஒரு நியாயம் வந்து விழும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. காஜா கேஸ் கட்டரை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டார். பாவாயியம்மாள், "அது சரிதானே அர்த்தநாரி" என்றார்.

கேட்கிறவர் ஒரு படி இறங்கி வந்தால் வையாபுரி பத்துப் படி ஏறுகிறவர். கொடுத்த டீயை ஒரே மூச்சில் குடித்துவிட்டு, மலையையே கையில் எடுத்தார்.

"ஆனா ஒண்ணு. இதை மாட்டுறதுல ஒரு ஆபத்து இருக்குது. மறைக்கக் கூடாது, சொல்லிடறேன். வளைவுல ஏதாவது ஒண்ணு சாஞ்சுதான் ஆகணும். அது இயற்கை. பஸ்ஸு சாயமாட்டேன்னு நின்னுக்கிச்சுன்னா? மலை சாஞ்சிருமுங்க."

"மலையா?"

"பதினேழாவது வளைவு. பஸ்ஸு ஆடாம அசையாம திரும்புது. பார்க்கறேன், எதிர்த்த பாறை மெதுவா இந்தப் பக்கம் தலையைச் சாய்க்குது. மரமெல்லாம் சாயுது. மேல மேஞ்சுக்கிட்டிருந்த ஆடு ஒண்ணு வழுக்கிக்கிட்டு வந்து எங்க பஸ்ஸு மேல நிக்குது. அடுத்த நாளு ரோடு போடற ஆபீசருங்க டேப்பை எடுத்துக்கிட்டு வந்துட்டாங்க. மலை ஒரு சாண் கோணிப்போச்சாம். 'யோவ், உன் பஸ்ஸாலதான்யா'ன்னு என்னைப் புடிச்சுக்கிட்டாங்க. அப்புறம் என்ன, அதே வளைவுல பஸ்ஸை ரிவர்ஸுல ஓட்டி, மலையை நேரா நிமித்தி விட்டுட்டு வந்தேன். போயிப் பாருங்க, பதினேழாவது வளைவுல மலை இன்னிக்கும் நேராத்தான் நிக்குது."

"அது என்னைக்குமே நேராத்தான் நின்னுச்சு" என்றார் அர்த்தநாரி.

"இப்ப அப்படித்தான் தெரியும். அந்த அளவுக்கு நேரா நிமித்தியிருக்கேன்."

அர்த்தநாரி பாவாயியம்மாள் பக்கம் திரும்பினார். "அக்கா, நீங்களே கேட்டுக்கிட்டுத்தானே இருக்கீங்க. இந்த ஆளை நம்பி கம்பியைக் கழட்டிப் போட்டுட்டு நான் எப்படி எறங்கறது? வண்டியில அறுபது பேரு இருப்பாங்க. ஆட்டுக்குட்டி, பலாப்பழம், பால் கேனு. புளுகுல எறங்கறதுக்கு பிரேக் வேணாம். ரோட்டுல எறங்கறதுக்குக் கம்பி வேணும்."

"புளுகை விட்டுத் தள்ளு" என்றார் பாவாயியம்மாள். "என் கண்ணால பார்த்ததுக்கு என்ன சொல்ற?"

வையாபுரிக்குப் பலமாக நின்ற விஷயம் இதுதான். மலைக்கு அந்தப்புறம் வெள்ளாரைக்கு ஒரு மினி பஸ் ஓடுகிறது. அதன் கம்பி எப்போதோ உடைந்து போனது. மூன்று மாதத்துக்கு முன் அதில் வையாபுரி தன் சிலிண்டர்களை மாட்டியிருந்தார். போன புதன்கிழமை பாவாயியம்மாள் யாரிடமும் சொல்லாமல் அதில் ஏறி உட்கார்ந்து, மடியில் ஒரு சொம்பு நிறைய மோர் வைத்துக்கொண்டு மலை இறங்கிப் பார்த்தார். சொம்பு தளும்பியது, சிந்தவில்லை. யாரும் வாந்தி எடுக்கவில்லை.

"நான் சாட்சிங்க. சொம்பை விட்டுக் கண்ணை எடுக்காமப் பார்த்துக்கிட்டே வந்தேன், பஸ்ஸு சாயவே இல்ல" என்றார் அவர். "பக்கத்துல உக்காந்திருந்த ஒரு அம்மாதான் கொஞ்சம் தொந்தரவு. ஒரு வளைவுல என் மேல விழுந்துச்சு. அடுத்த வளைவுல அந்தப் பக்கத்து ஆளு மேல விழுந்துச்சு. 'தூக்கமா ஆத்தா'ன்னு அதட்டுனேன். அதைத் தவிர ஒரு குறையும் இல்ல."

"என் சாட்சி ஒருத்தருதான் பாக்கி" என்று வையாபுரி கையை நீட்டினார். பெஞ்சின் ஓரத்தில் டீ டம்ளரோடு உட்கார்ந்திருந்த சடையன் எழுந்து நின்று கும்பிட்டார். வெள்ளாரைக்காரர். அன்னாசிப் பழம் கொண்டுவந்து சந்தையில் போட்டுவிட்டுத் திரும்புகிறவரை வையாபுரி பாதியில் மடக்கிக் கூட்டி வந்திருந்தார். பொய் சொல்லத் தெரியாத முகம். அதனால்தான் அவரைப் பிடித்திருக்கிறார் என்பது அர்த்தநாரிக்குப் புரிந்தது.

"தினம் அந்த பஸ்ஸுலதானே போறீங்க?"

"ஆமாங்க."

"சாயுதா?"

"இல்லைங்க. சாயாதுங்க."

"கம்பி இருக்குதா அதுல?"

"இல்லைங்களே. அது ஒடஞ்சு ரொம்ப நாளாச்சுங்க."

வையாபுரி இரண்டு கைகளையும் விரித்தார். அவர் காலையிலிருந்து சொன்ன எதையும் நம்பாத அர்த்தநாரியும் சடையனின் இந்த மூன்று பதிலையும் நம்பித்தான் ஆகவேண்டியிருந்தது. பாவாயியம்மாள் எழுந்தார். புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டார்.

"காஜா பாய், வெட்டிருங்க."

காஜா கேஸ் கட்டரைப் பற்றவைத்தார். நீல நிறத்தில் சுடர் சீறியது. அர்த்தநாரி தரையில் கிடந்த கம்பியைப் பார்த்தார். திங்கட்கிழமை எஃப்.சி. செவ்வாய்க்கிழமை முதல் டிரிப். வேலையை விட்டுவிட்டால் வேறொருவன் ஓட்டுவான், அவ்வளவுதான். மலை அப்படியேதான் இருக்கும்.

அப்போது பிச்சமுத்து, "ஒரு நிமிசம் பாய்" என்றார்.

அவர் சடையனையே கொஞ்ச நேரமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். சட்டைப் பையிலிருந்து விசிலை எடுத்தார். வெற்றிலையைத் துப்பிவிட்டு வாயில் வைத்தார். நீளமாக ஒரு ஊது ஊதினார்.

சடையன் சாய்ந்தார்.

இடுப்புக்கு மேல் முழு உடம்பும் இடது பக்கமாக, காற்றில் வளையும் கரும்பைப்போலச் சாய்ந்தது. கையிலிருந்த டீ டம்ளர் மட்டும் நேராக நின்றது. பிச்சமுத்து விட்டு விட்டு மூன்று தரம் ஊதினார். சடையன் நிமிர்ந்து, வலது பக்கமாகச் சாய்ந்தார். டீ தளும்பவில்லை.

"என்னய்யா இது?" என்றார் பாவாயியம்மாள்.

"எதுங்க?" என்றார் சடையன், இன்னும் சாய்ந்தபடியே.

"இப்படிச் சாயறியே!"

சடையன் குனிந்து தன்னைத்தானே ஒருமுறை பார்த்துக்கொண்டார். "வளைவு வருதுன்னு ஊதுனாங்களே" என்றார். "எல்லாரும் மலைப்பக்கமாவோ, இந்தப் பக்கமாவோ, வண்டி திரும்பற பக்கம் சாஞ்சுக்குவோமுங்க. இல்லைன்னா வண்டி கவுந்துருமில்லைங்களா."

காஜா சுடரை அணைத்தார்.

"அந்த மினி பஸ்ஸுல நான் கண்டக்டரா இருந்தவனுங்க்கா" என்றார் பிச்சமுத்து. "கம்பி ஒடஞ்சுச்சு. ஓனரு மாட்டறேன் மாட்டறேன்னு நாளைக் கடத்துனாரு. சனம் பயந்துச்சு. சரி, எல்லாரும் ஒண்ணா உள்பக்கம் சாஞ்சா வண்டி கொஞ்சம் நிக்கும்னு நான்தான் ஊதிப் பழக்கினேன். ஒரு நீட்டு இடது, மூணு துண்டு வலது. நான் அங்கிருந்து வந்து நாலு வருசமாச்சு. புது கண்டக்டரும் ஊதறான்போல. இவங்களும் சாயறாங்க. நிப்பாட்டியிருப்பாங்கன்னுதான் நான் நெனைச்சிருந்தேன்."

பாவாயியம்மாள் பெஞ்சில் உட்கார்ந்தார். புதன்கிழமை தன் மேல் வந்து விழுந்த அம்மாளை நினைத்துக்கொண்டார் என்பது அவர் முகத்தில் தெரிந்தது. "நான் அந்தம்மாவை அதட்டுனேன்" என்றார் மெல்ல. "அது என்னையும் சேர்த்துச் சாய வெக்கத்தான் தள்ளியிருக்குது."

இப்போது எல்லாக் கண்களும் வையாபுரி மேல். அர்த்தநாரிக்குக்கூட ஒரு நொடி இரக்கமாக இருந்தது. வையாபுரி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"அப்பாடா, இனி நான் சொல்லலாம்" என்றார். "இத்தனை நாளா வெளியே சொல்லாம வெச்சிருந்தேன். நீங்களா கண்டுபுடிச்சுட்டீங்க. இரும்புல ஊத்துனா துருப்புடிக்கும். அதனால அந்த எண்ணெயைச் சீட்டு வழியா மனுசனோட முதுகுத்தண்டுல ஏத்தி விட்டிருக்கேன். இனி இந்தச் சடையன் எந்த வண்டியில ஏறுனாலும் அந்த வண்டி சாயாது. கட்டை வண்டியில ஏறட்டும். பரிசல்ல ஏறட்டும்."

"நீங்க சிலிண்டரை மாட்டுனது மூணு மாசத்துக்கு முன்னால" என்றார் பிச்சமுத்து. "நான் ஊத ஆரம்பிச்சது ஆறு வருசத்துக்கு முன்னால."

வையாபுரி கண் இமைக்கவில்லை.

"நல்ல எண்ணெய்னா அப்படித்தானுங்க. ஊத்தறதுக்கு முன்னாடியே வேலையை ஆரம்பிச்சுரும்."

காஜா ஒரு சிலிண்டரை எடுத்து மூடியைத் திருகித் திறந்து கவிழ்த்தார். உள்ளேயிருந்து ஒரு சொட்டு எண்ணெய்கூட விழவில்லை. கொஞ்சம் தலைமுடி விழுந்தது.

"காஜா பாய்" என்றார் பாவாயியம்மாள், "ஒட்டிருங்க. கம்பியை மாட்டிருங்க."

"ரெண்டு பக்கமும் சேர்த்து ஒட்டிடறேன்க்கா."

அர்த்தநாரி கம்பியின் ஒரு முனையைத் தானே தூக்கிக் கொடுத்தார். அது அன்று அவருக்குக் கனமாகவே இல்லை. சடையன் மீதி டீயைக் குடித்துவிட்டு, எந்தப் பக்கமும் சாயாமல் நடந்து போனார். வையாபுரி சிலிண்டர்களைக் கோணிப்பையில் போட்டுக் கட்டிக்கொண்டார். போகிற போக்கில் காஜாவிடம், கம்பியை மாட்டும்போது கொஞ்சம் மோர் தடவினால் நல்லது என்று யோசனை சொன்னார்.

2018 மார்ச் 4, ஞாயிற்றுக்கிழமை காலை பாவாயியம்மாளின் வண்டியில் வையாபுரி ஒரு கல்யாணத்துக்காகத் தேன்கரடு போனார். ஏறுவதற்கு முன்னால் பஸ்ஸுக்குப் பின்புறம் போய்க் குனிந்து, கம்பி இருக்கிறதா என்று பார்த்தார். இருந்தது. ஏறி ஜன்னல் சீட்டில் உட்கார்ந்து, மடியில் ஒரு எலுமிச்சம்பழம் வைத்துக்கொண்டார்.